பத்தாவது கேள்வி

"இந்த ஆளுக்கு மண்டைல எதாவது இருக்கா இல்லையா?" கம்ப்யூட்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள் அக்கா. ஆபீசில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "யாரு, வெள்ளிக்கிழமையானா கேள்வி அனுப்புவாரே, அந்த ஆசாமியா?"

"அவரேதான். முந்தின வாரம் டொமைன்னா என்னன்னு கேட்டார். வெப்சைட்டோட பேருன்னு எழுதினேன். போன வாரம் எஃப்டிபின்னா என்ன. ஃபைல் அனுப்புற பழைய வழின்னு எழுதினேன். இன்னிக்கு, ஒரு டொமைன் யாருக்குச் சொந்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதாம்."

இன்டர்நெட்டின் பழைய சமாச்சாரங்களைப் பற்றி மெயிலில் கேட்பவர்களுக்குப் பதில் போடும் பிரிவு அது. அக்கா ஒருத்திதான் ஆள். வாரம் பத்துக் கேள்வியாவது வராவிட்டால் இழுத்து மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. அவள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் மட்டும்தான்.

மேனேஜர் வந்து நின்றார். அவர் இல்லாதபோது ஆபீசில் அவருக்குப் பெயர் சிடுமூஞ்சி.

"இந்த வாரம் எத்தனை?"

"ஒன்பது சார். பத்தாவது இப்பதான் வந்தது. அதுவும் அரிச்சுவடிக் கேள்வி."

"கேட்டா பதில் சொல்லுங்க. அதுக்குத்தானே சம்பளம்." விறைப்பாகச் சொல்லிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குப் போனார்.

"உங்களை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் இந்த மனுஷன் ஓய்வார்" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

அக்கா எழுத ஆரம்பித்தாள். 'ஹூஈஸ்' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. டொமைன் பெயரைக் கொடுத்தால் உரிமையாளர் யாரென்று சொல்லிவிடும். உதாரணம் காட்டாவிட்டால் இந்த ஆளுக்குப் புரியாது. கேள்வி வந்த மெயில் முகவரியிலேயே, @ குறிக்குப் பின்னால், கேள்விப்படாத ஒரு டொமைன் இருந்தது. அதையே தட்டிப் பார்த்தாள்.

உரிமையாளர் பெயர் வந்தது, கீழே வீட்டு விலாசமும். இரண்டுமே மேனேஜருடையவை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் அவர் யாரையோ போனில் காய்ச்சிக்கொண்டிருந்தார். பத்துக் கணக்குக்காக அவரே கேள்வி அனுப்புகிறார் என்று தலைமை அலுவலகத்தில் யாராவது தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தால், அவளுக்கு முன்னால் அவர் வேலை போய்விடும்.

"என்னக்கா, அந்த மக்குக்குப் பதில் போட்டாச்சா?"

"மக்குன்னு சொல்லாதே."

அந்த உதாரணத்தை விட்டுவிட்டு, வேறொரு டொமைன் பெயரைப் போட்டாள். கடைசியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

'உரிமையாளரின் பெயர் வெளியே தெரியாமல் மறைத்து வைக்கவும் வசதி உண்டு, ஐயா. தயவுசெய்து அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.'