தானாகச் சுரந்த பாசம்

கணவன் மனைவிக்கு வேண்டிய பாசத்தை மணிக்கட்டுக் கருவிகளே வேளாவேளைக்குச் சுரக்கவைத்த காலம் அது. அகிலாண்டத்தின் கருவி பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் கணவன் சம்பந்தம் இருமினால் அவளுக்கு மனம் பதறியது. தனக்கு இதென்ன நோயோ என்று பயந்து, அவனையும் இழுத்துக்கொண்டு ஹார்மோன் மருத்துவரிடம் ஓடினாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் ஜெரால்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“தானாவே சுரக்குதும்மா! என் சர்வீஸ்ல இப்பத்தான் பாக்குறேன். பயப்படாதீங்க, மாத்திரையில அடக்கிடலாம்.”

“அடக்கலேன்னா என்ன ஆகும் டாக்டர்?”

“வயசானாலும் குறையாது. அவர் போய்ச் சேந்தாலும் நிக்காது.”

அகிலாண்டம் கலங்கிப்போய்க் கணவன் பக்கம் திரும்பினாள். “என்னங்க, டாக்டர் இப்படிச் சொல்றாரே, உங்களுக்குக் கவலையாவே இல்லையா?”

சம்பந்தம் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.

“சார்ஜ் இறங்கிடுச்சு அகிலா. வீட்டுக்குப் போய்க் கவலைப்படுறேன்.”