பக்கத்து மனைப் பள்ளம்

கதவு திறக்கவில்லை.

ஹேமலதா தாழ்ப்பாளை நீக்கிவிட்டு இழுத்தாள். ஒரு காலைச் சுவரில் ஊன்றி மறுபடி இழுத்தாள். மேல்சட்டம் சரிந்து கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. காலையில் இதே கதவு ஒரு விரலால் இழுத்தாலே திறந்தது.

கட்டிலில் இரண்டு மாதப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

நெல்லித்தோப்பில் அவர்கள் இருப்பது சந்துக்குள் ஓர் ஒற்றை அறை வீடு. பின்சுவரை ஒட்டிய மனை மெயின் ரோட்டைப் பார்த்தது. அங்கே ஐந்து மாடி வருகிறதாம். கார் நிறுத்தப் பூமிக்கடியில் ஒரு தளம் வேறு. பத்து நாளாக மண் அள்ளும் வண்டி வைத்துப் பள்ளம் தோண்டுகிறார்கள். சுற்றிலும் உயரமாகத் தகரம் அடித்துவிட்டதால் ஆழம் யாருக்கும் தெரியாது. மோட்டார் வைத்து ஊற்றுநீரை இறைத்தார்கள். நீரோடு மணலும் போனது.

முதலில் சுவரில் முடி போல ஒரு விரிசல். நேற்று அதில் சீப்பு நுழைந்தது.

“அந்த வண்டி ஓட்றவனுக்கு புள்ளகுட்டி ஒன்னும் இல்லியா?” என்று நேற்று ராத்திரி சோறு போடும்போது புருஷனிடம் கேட்டாள். வெற்றிச்செல்வன் தட்டைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தான். பாவம், அவனுக்கு அசதி. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததிலிருந்து விடிந்ததும் கிளம்பிவிடுகிறான்.

இப்போது சுவருக்குள் ஏதோ முறிந்தது. பிள்ளையின் மேல் காரை உதிர்ந்தது. வாரி எடுத்துக்கொண்டாள். விரிசல் வழியாக வெயில் உள்ளே வந்தது.

கத்தினாள். மண் அள்ளும் வண்டியின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

போனில் புருஷனை அழைத்தாள். அத்தனை தூரத்திலிருந்து அவனால் என்ன செய்ய முடியும்? ஆனால் வேறு யார் பெயரும் நினைவுக்கு வரவில்லை. மணி அடித்தது. வெளியே வண்டி சட்டென்று நின்றது.

“கதவு தொறக்கலங்க. செவுரு பொளக்குது. புள்ள உள்ள இருக்குதுங்க...”

மறுமுனையில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது.

தரைக்கல் ஒன்று எகிறியது. பக்கத்தில் இன்னொன்று. உள்ளங்காலுக்கடியில் வீடு மெல்ல இறங்குவது தெரிந்தது. மூலையில் குந்தி, பிள்ளையை வயிற்றோடு அடக்கி, அதன்மேல் முதுகை வளைத்துக்கொண்டாள். சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

கடப்பாரை கதவைப் பிளந்தது.

ஒரு கை பிள்ளையை வாங்கியது. இன்னொரு கை அவள் தோளைப் பற்றி வெளியே இழுத்தது. சந்து முனைக்கு ஓடித் திரும்பியபோது, பின்சுவர் தகரத்தையும் சேர்த்துக்கொண்டு பள்ளத்துக்குள் போனது.

புழுதி அடங்கியது.

எதிரே வெற்றிச்செல்வன். முழங்கால்வரை ஈரச் சேறு. பிள்ளையை மார்போடு அணைத்திருந்தான். சேதராப்பட்டிலிருந்து இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பள்ளத்தின் கரையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

“வெற்றி! ஒன் வண்டிய மேல ஏத்துப்பா, மண்ணு மூடிடும்!”

அவன் திரும்பவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

ஹேமலதா அவன் சட்டையை விட்டாள். அவன் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.