மண்டியிட்ட பதினொரு பேர்

திரையில் பதினொரு பிரபுக்கள் மண்டியிட்டு அரசியின் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். அரசி, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் சுமைரா. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடும் அந்த இணைய விளையாட்டில், அரசி 'எழுந்திருங்கள்' என்று எழுதும்வரை யாரும் அசையக் கூடாது. அவளே போட்ட சட்டம். எழுத விரலைத் தூக்கும்போது அடுத்த அறையிலிருந்து முதலாளி சொர்ணலட்சுமியின் குரல் வருகிறது. "ஏம்மா சுமைரா, நாலு ஆகப்போகுது. கரண்டு போகுமுன்ன ஜனவரிப் பக்கத்தை சேவ் பண்ணிரு." "இந்தா பண்ணிட்டேங்க்கா." அரசவையை மறைத்து ஜனவரியைத் திறக்கிறாள், சேமிக்கிறாள். திரும்ப அரசவைக்கு வருவதற்குள் திரை கறுத்துவிடுகிறது. கீழே அச்சு எந்திரம் இழுத்து இழுத்து ஓய்கிறது. மின்விசிறி நின்றதும் மை வாடை கனக்கிறது. சன்னல் வெயில் விசைப்பலகை மேல் விழ, ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது. சுமைரா ஒரு விசையை அழுத்திப் பார்க்கிறாள். சன்னல்வரை போகிறாள், திரும்புகிறாள், துப்பட்டா நுனியை விரலில் சுற்றி அவிழ்க்கிறாள். மண்டியிட்டிருப்பவர்களில் வடக்குக் கோட்டைப் பிரபு வயதானவர்; போன மாதப் போரில் முழங்காலில் வெட்டுப்பட்டவர். அந்தப் போருக்கு அனுப்பியதும் அவள்தான். காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே வந்த சொர்ணலட்சுமி நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "இனி ஆறு மணிக்குத்தான் கரண்டு. எம்புட்டு நேரம் இப்படி நிப்பே? உக்காரும்மா." சுமைரா நாற்காலியைப் பார்க்கிறாள், கறுத்த திரையைப் பார்க்கிறாள். "ஆறு மணிக்கு உக்காந்துக்கிறேங்க்கா" என்கிறாள் அரசி.