நாலு நிமிஷம் ஒரே முகம்

"மீசையை எடுத்துடு" என்றாள் லீடர்.

பாட்டுக்காரன் உடனே சரியென்று தலையாட்டினான்.

கத்திரிக்கு எரிச்சலாக வந்தது. அந்த மூவர் குழுவின் எடிட்டர் அவன். வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரன் என்று வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது.

மீடியா படிப்பின் கடைசிப் பருவம். சொந்தமாக ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாடத்தில் படித்த ஒரு தியரியைக் காரணமாக எழுதித் தரவும் வேண்டும். பாட்டு, பாட்டுக்காரனே எழுதி மெட்டுப் போட்டது. பக்கத்திலேயே இருந்தும் தன் குரல் எட்டாத ஒருத்தியை ஏங்கி ஏங்கிக் கூப்பிடுகிற பாட்டு.

"மீசைக்கு என்ன தியரி?" என்றான் கத்திரி.

"நட்சத்திர பிம்பம். பாடறவன் முகம் பளிச்சுன்னு மனசுல பதியணும்."

"சரி, கையில ஒரு மைக்காவது இருக்கட்டும்."

"வேண்டாம். வாயை மறைக்கும்."

"பின்னாலேர்ந்து லைட் அடிச்சு நிழலாக் காட்டுவோம். ஏக்கம் நல்லாத் தெரியும்."

"லைட் முன்னாலதான். கேமராவை நேராப் பார்த்துப் பாடணும். கேமராதான் ரசிகரோட கண்ணுன்னு மேடம் நடத்தினாங்களே."

"தாளத்துக்குத் தாளம் கட் வரணும்னும் அதே மேடம்தான் நடத்தினாங்க."

"கட்டே வேண்டாம். நாலு நிமிஷமும் ஒரே ஷாட்."

கத்திரிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதுகூடப் பெரிதில்லை. மூன்று வருஷமாக அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் சொல்ல வராத வார்த்தை ஒன்று அவன் தொண்டையிலேயே கிடந்தது. அவளோ, ஷூட்டிங் அன்று பாட்டுக்காரனின் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் நிதானமா... வாயை நல்லாத் திறந்து" என்று திரும்பத் திரும்பப் பாட வைத்தாள்.

எடிட்டிங் அறையில் தனியாக இருந்தபோது கேட்டே விட்டான்.

"இது தியரியா, இல்ல அவன் மேல உனக்கு ஒரு இதுவா?"

அவள் முகம் சுண்டிப் போயிற்று.

"என்ன வேணா நினைச்சுக்கோ. கட் மட்டும் வைக்காதே."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் அவன் நின்றான். அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திரையிடல் நாளன்று வீட்டு ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். மற்ற குழுக்களின் வீடியோக்களில் ஆட்டமும் வெளிச்சமும் பறந்தன. இவர்களுடையது வந்ததும் அரங்கம் நெளிந்தது.

"பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பாட்டுப் போட்டாப்ல இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"தியரியெல்லாம் சரிதான். ஆனா சலிப்பா இருக்கு" என்றார் மேடம். லீடர் குனிந்துகொண்டாள்.

நன்றாக வேண்டும் என்று நினைத்தான் கத்திரி. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நான்தான் எடிட்டர். என்னைக் கட் வைக்க விடலை" என்றான்.

அந்த அம்மாள் திரும்பவே இல்லை. கோபமோ என்று, மறுபடி நாற்காலிக் கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

திரும்பியவள் அவன் வாயைப் பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"என்னைப் பார்த்துச் சொல்லு தம்பி. எனக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவேன்."

ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"பாடினது என் பையன். எவ்வளவு நிதானமாப் பாடினா எனக்குப் புரியும்னு அந்தப் பொண்ணு வீட்டுக்கே வந்து கேட்டுட்டுப் போச்சு. வெளியில தெரிஞ்சா பாவம் பார்த்து மார்க் போடுவாங்கன்னு இவன்தான் அது வாயைக் கட்டிப் போட்டுட்டான்."

கத்திரி லீடர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மேடையில பாடினா தூரம். வீட்டுல பாடச் சொன்னா, என் முகத்தைப் பார்த்ததும் தொண்டை அடைச்சுப் பாதியில நிறுத்திடுவான்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னைக்குத்தான் தம்பி, என் பையன் பாட்டை முழுசாக் கேட்டேன்."