பத்தரை மணி உத்தரவு

"என்னங்க, சிரிக்கிறா! நம்ம பொண்ணு சத்தம் போட்டுச் சிரிக்கிறா!"

போனில் மனைவி போட்ட கூச்சலில் இன்ஜினியருக்குக் காது அடைத்துவிட்டது. இணைய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அன்று அவர் ஒருவர்தான் டியூட்டி. ஆனாலும் பழக்க தோஷத்தில் மூலைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னுமா பேசிட்டு இருக்கா?"

"இருபது நிமிஷமாச்சு! கதவைச் சாத்திட்டு வீடியோ கால்ல ஒரே கும்மாளம்!"

இருபது நிமிடம்! கல்யாண ஆப்பில் இதுவரை பதினேழு பையன்கள் வந்துபோனார்கள். ஒருவன்கூட மூன்று நிமிடம் தாண்டவில்லை. மகள் மாட்டு டாக்டர். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றுக்குட்டியை இழுத்த கதையை ஆசையாகச் சொன்னபோது, பதினேழாவது ஆள் பாதிக் கதையிலேயே போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிடவே இல்லை.

'இனிமே எவனாவது நடுவுல வெச்சுட்டுப் போனான்னா, அதோட சரி. கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது' என்று மகள் சொல்லிவிட்டாள். இந்தப் பதினெட்டாவது பையன் விஷயத்தில் இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தாள். முதலில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களாம், பெற்றவர்கள் எல்லாம் அப்புறமாம். அதனால் பையன் யார், என்ன என்று இவருக்கு ஒன்றும் தெரியாது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அதிகாரி உள்ளே வந்தார். கையில் அரசாங்க உத்தரவு.

"பரீட்சைக் கேள்வித்தாள் போன் வழியா வெளிய போகுதாம். ஊர் முழுக்க நெட் கட். மூணு நாளைக்கு. சரியா பத்தரைக்கு நிறுத்திடணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

இன்ஜினியர் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து இருபத்தி மூன்று. இப்போது நெட் போனால், இவனும் நடுவில் வைத்துவிட்டான் என்றுதானே மகள் நினைப்பாள்!

இருபத்தெட்டு வருட சர்வீஸில் தொட்டே பார்க்காத ரூல் புத்தகத்தைத் தூசி தட்டித் திறந்தார்.

"சார், கையெழுத்து இருக்கு, முத்திரை இல்லையே? முத்திரை இல்லாம நான் கை வெச்சேன்னா என் வேலைக்கே வேட்டு."

வேறு அதிகாரியாக இருந்தால் மேஜையைக் குத்தியிருப்பார். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உத்தரவை முன்னும் பின்னும் புரட்டினார்.

"அட, ஆமா. ரூல்னா ரூல்தான்" என்று டிரைவரைக் கூப்பிட்டார். "ஆபீஸ் போய் முத்திரையை எடுத்துட்டு வாப்பா. ரோட்டுல கூட்டமா இருக்கும், பதறாமப் போ."

முத்திரை வந்து சேர பத்தே முக்கால் ஆனது. அதற்குள் மனைவியின் அடுத்த போன்.

"என்னங்க, கன்னுக்குட்டி கதையச் சொல்லிட்டா! அவன் போனை வெக்கல! 'அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சு'ன்னு கேக்கறான்!"

"நீ என்ன, கதவுல காதை வெச்சுட்டு நிக்கிறியா?"

"பின்னே, பெத்தவ வேற எங்க நிப்பா?"

"கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லேன்."

"உங்களுக்கு என்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இப்பத்தான் ஒருத்தன் அசையாம உக்காந்திருக்கான், நான் போய்க் கதவைத் தட்டணுமா?"

இன்ஜினியர் மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினார். "சார், உத்தரவை முழுசா வாசிச்சுக் காட்டணும்னு போட்டிருக்கு."

அப்படி ஒரு ரூலும் கிடையாது. ஆனால் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு, நகல் பெறுவோர் பட்டியல் என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் தண்ணீர் குடித்தார். ஒரு பத்தி சரியாக விளங்கவில்லை என்று தானாகவே திரும்ப வாசித்தார். இரண்டு தடவை போன் வந்து வெளியே போனவர், விட்ட இடம் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினார். இப்படி ஒரு ஆமையை அதிகாரியாக அனுப்பிய கடவுளுக்கு இன்ஜினியர் மனசுக்குள் பெரிய கும்பிடாகப் போட்டார்.

பதினொன்று பத்துக்கு மேலிடத்திலிருந்து போன். "இன்னுமா கட் ஆகல? அங்க என்ன தூங்கிட்டு இருக்கீங்களா?" என்ற கத்தல் அறை முழுக்கக் கேட்டது.

"இங்க இருக்கற இன்ஜினியர் ரொம்ப கறார் சார்..."

"நான் லைன்லயே இருக்கேன். இப்பவே நிறுத்துங்க!"

இனி எந்தப் புத்தகமும் கைகொடுக்காது. இன்ஜினியர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினார். திரையில் பச்சைப் புள்ளிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. மேலிடம் திருப்தியாகப் போனை வைத்தது. வீட்டில் மகளின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தபோது இவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நிமிடம் அதிகாரியின் போன் அலறியது. அவருடைய மனைவியின் குரலுக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

"என்னங்க, முக்கால் மணி நேரம் இழுத்துப் பிடிச்சீங்களே, இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம் இழுத்திருக்கக் கூடாதா? 'உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு நம்ம பையன் வாயைத் திறக்கறான், நெட் போயிடுச்சு! அந்தப் பொண்ணோட அப்பாதான் அங்க நெட் கம்பெனியில கன்ட்ரோல் ரூம் இன்ஜினியராம். பெத்த பொண்ணு பேசிட்டு இருக்கும்போது கட் பண்ணுவாரா ஒரு மனுஷன்?"

இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அதிகாரி அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார், பிறகு ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தாழிட்டார்.

"சம்பந்தி, ஒரு பத்து நிமிஷம் நெட்டைத் திரும்பப் போட்டு விடுங்க. மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்!"