வலது கைக்குப் பூவேலை

தங்கை மறுபடி ஃபேக்டரிக்குப் போகும் நாள். அவளுடைய முழுக்கைச் சட்டையைப் பார்த்ததும் அக்காவுக்குப் பகீரென்றது. வலது சட்டைக்கை முழுக்கச் சங்கிலித் தையலில் கொடி, பட்டு நூலில் பூக்கள், ஓரத்தில் ஜரிகை.

"என்னடி கூத்து இது? எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்!"

"போகட்டும்க்கா. துணி மாட்டின வளையத்தை முழங்காலுக்கு நடுவுல இடுக்கி, ஊசிக் குத்துப்பட்டுப் பட்டுக் கத்துக்கிட்ட தையல்."

"இடது பக்கமும் ஒரு பூ போட்டிருக்கலாம்ல?"

"வேலை செய்யற கைக்கு எதுக்கு அலங்காரம்? அழுக்காயிடும்."

"சொன்னாக் கேளு. மடிச்சு ஊக்கு குத்தி விட்டுடறேன்."

"இத்தனை நாள் மடிச்சது போதும்."

தங்கை சட்டையை மாட்டிக்கொண்டாள். பூப்போட்ட சட்டைக்கைக்குள் ஒன்றுமே இல்லை.

"மெஷின் தின்னது என் கையைத்தான்க்கா, மானத்தை இல்ல. சும்மா தொங்கற துணி, அழகாத் தொங்கட்டுமே!"