இடைக்காலம் வெள்ளிக்கிழமை ஆரம்பம்

இதனால் ராஜபாளையம் வாழ் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: வருகிற வெள்ளிக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு, எங்கள் பள்ளி மைதானத்தில் ஐரோப்பாவின் இடைக்காலம் ஆரம்பமாகும். மழை பெய்தால் இடைக்காலம் சாப்பாட்டு ஹாலில் நடைபெறும்.

தாளாளர் ஐயாதுரையின் கையெழுத்தோடு வீடுவீடாகப் போன இந்தச் சுற்றறிக்கையின் அடியில், "ஆறாம் வகுப்பு மாணவர்கள் நைட் உடையில் வரவும்" என்று ஒரு வரி இருந்தது. குதிரைமேல் கவசத்தோடு வரும் வீரனை இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை காலை நாற்பது பிள்ளைகளும் பூப்போட்ட பைஜாமாவில் வந்து இறங்கினார்கள்.

சரித்திர டீச்சர் யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது; ஒன்றரை மடங்கு சம்பளம், மம்சாபுரத்து வீட்டிலிருந்து கால் மணி நேரம். "திங்கக்கெழம ஒரிஜினலோட வாங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துருவோம்" என்று அந்தப் பள்ளியின் தாளாளர் பெலிக்ஸ் போனில் சொல்லிவிட்டார்.

ஒரிஜினல்கள், அதாவது பத்தாம் வகுப்பு முதல் பி.எட். வரை அவள் படித்ததற்கான ஏழு சர்ட்டிபிகேட்டுகளும், ஐயாதுரையின் பீரோவில் இருந்தன. வேலையில் சேர்ந்த அன்று வாங்கிப் பூட்டியவர். ஆறு வருஷமாக எப்போது கேட்டாலும், "அடுத்த வருசம் பாப்போம் டீச்சர்" என்பார்.

விழா நாடகத்துக்கு ஆள் எடுத்தபோதே இன்னொரு சிக்கல். ராஜா வேஷத்துக்குப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பண்ணையடிமை வேஷத்துக்கு ஒருவரும் இல்லை. "எம் மவன் அடிமையா? போன வருசம்தான் மரமா நின்னான்!" என்று பாண்டிசெல்வி என்ற தாய் பள்ளிக்கே வந்து சண்டை போட்டாள். பிரபு வேஷத்தை ஐயாதுரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "அடிமைய நீங்களே போட்டுருங்க டீச்சர். ஒங்களுக்கு மேக்கப்பே வேண்டாம்" என்றார்.

"சரி சார்" என்றாள் யோகேஸ்வரி.

மில் நூல் பெட்டிகளை வெட்டி மேடையில் கோட்டை கட்டியிருந்தார்கள். மதில் சுவரில் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று எழுதியிருந்தது. அதன் முன்னால் யோகேஸ்வரி சாக்கு உடுத்தி மண்டியிட்டபடி, மைக்கில் பாடமும் நடத்தினாள்.

"பண்ணையடிமை, பிரபு சொல்லாம ஊர விட்டுப் போக முடியாது. பிரபுவோட மில்லுலதான் மாவு அரைக்கணும், பிரபுவோட அடுப்புலதான் ரொட்டி சுடணும். கல்யாணம் கட்டணும்னாலும் அவியளக் கேக்கணும்."

"ஓடிப்போயிட்டா டீச்சர்?" என்றது ஒரு பைஜாமா.

"நகரத்துக்குள்ள போயி ஒரு வருசமும் ஒரு நாளும் பிடிபடாம இருந்துட்டா விடுதலை."

நாடகப்படி பிரபு இப்போது மனமிரங்கி, சுருட்டிய வெற்றுத்தாள் ஒன்றை விடுதலைப் பத்திரமாகத் தர வேண்டும். ஐயாதுரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக நீட்டினார். யோகேஸ்வரி அதை வாங்கவில்லை.

"பிரபுவே, இது வேண்டாம். தங்கள் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் என் சர்ட்டிபிகேட்டுகளைத் தந்தருளுங்கள்!"

காமெடி என்று நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"டீச்சர், இது நாடகத்துலயே இல்லியே" என்று ஐயாதுரை பல்லைக் கடித்தார். அங்கியில் குத்தியிருந்த மைக் அதை மைதானம் முழுக்கச் சொன்னது.

"ஏலே, ராசா முழிக்காரு பாரு!" என்று ஓர் அப்பா விசிலடித்தார். "குடுங்க சார், பாவம்!" என்று பாண்டிசெல்வியே கத்தினாள். இருநூறு செல்போன்கள் மேடையை நோக்கி நீண்டிருந்தன. இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றி, கிளார்க்கிடம் கொடுப்பதைத் தவிரப் பிரபுவுக்கு வேறு வழியில்லை.

கிளார்க் கொண்டுவந்த பழுப்புக் கவரை ஐயாதுரை இரண்டு முறை நீட்டி, இரண்டு முறை பின்னுக்கு இழுத்து, மூன்றாம் முறைதான் விட்டார். என்ன நடிப்பு என்று கூட்டம் மெச்சியது. யோகேஸ்வரி கவரைப் பிரித்துப் பார்த்தாள். ஏழும் ஒரிஜினல். சாக்கோடு மேடையிலிருந்து இறங்கி, சாக்கோடு பஸ் ஏறினாள். சாக்குக்கு லக்கேஜ் போடவா என்று கேட்டார் கண்டக்டர்.

திங்கட்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர். பெலிக்ஸ் எழுந்து நின்று வரவேற்றார். நாடக வீடியோவை அவரும் பார்த்திருந்தார்.

"எம்புட்டுத் தைரியம் டீச்சர் ஒங்களுக்கு! அந்த மனுசன் பண்ணது அநியாயம்லா?"

காபி வந்தது. நியமன உத்தரவில் பெலிக்ஸ் கையெழுத்துப் போட்டார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக யோகேஸ்வரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பெலிக்ஸ் சர்ட்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார், தலையாட்டினார், கவருக்குள் திரும்பப் போட்டார். வாங்கிக்கொள்ள யோகேஸ்வரி கையை நீட்டினாள்.

அவர் எழுந்துபோய்ப் பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார். உள்ளே அதே பழுப்பில் முப்பது நாற்பது கவர்கள் அடுக்கியிருந்தன. மேலாக இதையும் வைத்து, பூட்டி, இழுத்துப் பார்த்தார்.

"போறப்ப வாங்கிக்கிடலாம், டீச்சர்."